தெரிஞ்சவங்க பொண்ணு

போன ஞாயித்துக்கெழமை சாயந்தரம், ரங்கசாமி குளத்துக்கிட்ட இருக்கற அந்த மாடி ஹால்ல, நீ என்னை ‘சார்’னு கூப்பிட்டே. பெத்த அப்பனை. கோவத்துல கூப்பிடல, நக்கலாவும் கூப்பிடல. சிரிச்ச முகத்தோட, ரொம்ப மரியாதையா கூப்பிட்டே. நீ கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்திட்டு, வீட்டுக்கு வந்து சாப்ட்டுப் படுத்திருப்பேன். நமக்கு அது பழக்கம்தான். அந்த மரியாதையைத்தான் என்னால தாங்க முடியல. போன்ல பேசலாம்னா, போனைக் கையில எடுத்தாலே எனக்கு வியாபாரம் பேசற குரல்தான் வருது, உனக்கே தெரியும். எழுதினா அந்த வாய் கொஞ்சம் அடங்கும்னுதான் உக்காந்து எழுதறேன்.

முதல்ல ஒரு பக்கம் எழுதிட்டுப் படிச்சுப் பாத்தேன். எங்கே பாத்தாலும் ‘பாருப்பா’, ‘கேளுப்பா’ன்னு எழுதி வெச்சிருக்கேன். கிழிச்சுப் போட்டுட்டேன். இதுல ‘பாரும்மா’ன்னு எழுதறேன். கை தயங்குது, பொய் சொல்ல மாட்டேன். கடைக்கு வர்ற ஊர் பேர் தெரியாத பொம்பளைங்களையெல்லாம் ‘வாங்கம்மா, உக்காருங்கம்மா’ன்னு வாய் நெறயக் கூப்பிடறவன் நான். பெத்த புள்ளையை ஒரு ‘ம்மா’ போட்டுக் கூப்பிட இத்தனை வருஷம் ஆயிருக்குது. வெக்கக்கேடு.

என் வேலை உனக்குத் தெரியாததா? ஆனாலும் எழுதறேன், நீ அன்னைக்கு மேடையில அதைத்தானே சொன்னே. பட்டுக்கடை சேல்ஸ்மேன்னா, வெள்ளைத் துணி விரிச்ச மெத்தையில உக்காந்துகினு புடவையைப் பிரிச்சுப் போடறதோட வேலை முடியாது. முகூர்த்தப் புடவை எடுக்க வர்ற கல்யாணப் பொண்ணு வெக்கப்பட்டுகினு ஓரமா உக்காந்திருக்கும், மேல போட்டுப் பாக்கச் சொன்னா மாட்டேன்னு தலையை ஆட்டும். அப்போ நாமதான் எழுந்து நிக்கணும். முந்தியை நம்ம தோள்மேல போட்டு, முன்னாடி நாலு மடிப்புப் புடிச்சு, ஒரு கையில கரையைத் தூக்கிக் காட்டி, இப்படித் திரும்பி அப்படித் திரும்பி நிக்கணும். மீசை வெச்ச ஆம்பளை, தொப்பை வேற. ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க, எல்லாரும் புடவையைத்தான் பாப்பாங்க. எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியிருந்தே இதைத்தான் செய்யறேன். நம்ம தெருவுல எந்தப் பொம்பளையும் கட்டாத புடவையெல்லாம் என் மேல ஏறி இறங்கியிருக்குது.

ஸ்கூல் லீவுல உன்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போவேன். தூண் ஓரமா உக்காந்து பாத்துகினே இருப்பே. ஒரு நாள் வீட்ல, உங்கம்மாவோட கல்யாணப் புடவையை பீரோவுலருந்து எடுத்து, கண்ணாடி முன்னாடி நின்னு, என்னை மாதிரியே தோள்ல போட்டு, கரையைத் தூக்கிக் காட்டி, “ஒரு தடவை மேல போட்டுப் பாருங்கம்மா, உங்க கலருக்கு இது தூக்கிக் குடுக்கும்மா”ன்னு சொன்னே. என் குரல், என் இழுப்பு, அப்படியே! எனக்குச் சிரிப்புத் தாங்கல. உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாமா வந்தாலும் சித்தப்பா வந்தாலும் “எங்கே, அப்பா மாதிரி வியாபாரம் பண்ணிக் காட்டு”ன்னு உன்னை நடுவீட்ல நிக்க வெச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க. “பாருங்க, என்னையே தூக்கிச் சாப்ட்டுடும் இது”ன்னு பெருமை அடிச்சுகினேன்.

நீ பத்தாவது படிக்கறப்ப ஒரு நாள் கரண்ட் இல்லைன்னு கடையைச் சீக்கிரம் சாத்திட்டாங்க. வீட்டுக்கு வந்தா ரூம் கதவு சாத்தியிருந்துச்சு, தள்ளினேன். அதே கண்ணாடி, அதே புடவை. ஆனா இந்தத் தடவை நீ கரையைத் தூக்கிக் காட்டல, வியாபாரம் பேசல. சும்மா நின்னுகினு இருந்தே. கண்ணாடியில உன் முகத்தைப் பாத்தேன். அவ்ளோ நிம்மதியா உன்னை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லம்மா. அந்த நிம்மதியைப் பாத்ததும்தான் எனக்கு வெறி புடிச்சுது. எப்படி அடிச்சேன்னு நான் எழுத வேணாம், வாங்கினவளுக்குத் தெரியும். உங்கம்மா நடுவுல வந்து விழுந்ததாலதான் நிறுத்தினேன்.

அதுக்கப்புறம் நமக்குள்ள பேச்சுன்னு என்ன இருந்துச்சு? ‘சாப்ட்டாச்சா’, ‘கிளம்பியாச்சா’, ‘வந்தாச்சா’. ‘சாப்ட்டியா’ன்னா உன்னைப் பாத்துக் கேக்கணும். ‘சாப்ட்டாச்சா’ன்னா சுவத்தைப் பாத்துக் கேட்டுட்டுப் போயிடலாம். காலேஜ் முடிச்சு சென்னைக்குப் போனே. வேலையில சேந்தே. ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் ஒண்டியா அலைஞ்சு பேரை மாத்திகினே. உங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும், எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி நான் பேப்பர் படிச்சுகினு இருந்தேன். ஒரு நாள் அவ சமையல்கட்டுல போன்ல “தேனு, தேனு”ன்னு கொஞ்சிகினு இருந்தா. “யாருகிட்டடி தேன் கேக்கறே, அதான் அலமாரியில இருக்குதே”ன்னு கேட்டுட்டேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்குதே, அப்பப்பா! நீ தேன்மொழின்னு பேர் வெச்சுகினது எனக்குத் தெரிஞ்ச லட்சணம் அதுதான்.

ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி நீ எனக்கு ஒரு படம் அனுப்பினே. கவிதை வாசிக்கறவங்க போட்டோ எல்லாம் போட்ட அழைப்பு. திருநங்கைங்க, ஆம்பளையை விரும்பற ஆம்பளைங்க, பொம்பளையை விரும்பற பொம்பளைங்க, இன்னும் எனக்குச் சொல்லத் தெரியாதவங்க. நடுவுல உன் போட்டோ. கீழே நீ எழுதியிருந்தே: ‘நம்ம ஊர்ல மொத தடவை படிக்கறேன். முடிஞ்சா வாங்கப்பா.’ உங்கம்மாகிட்டக் காட்டி, “நீ போய்ட்டு வா”ன்னேன். “நான் வரமாட்டேன்”னுட்டா. “நான் வந்தா நீ என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவே. உன்னைத்தானே கூப்ட்டிருக்கா? நீ மட்டும் போ”ன்னா. இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கட்டில்மேல வெச்சுட்டுப் போயிட்டா.

வந்து கடைசிக்கு முந்தின வரிசையில உக்காந்தேன். உண்மையைச் சொன்னா, ஆட்டமும் கூச்சலுமா இருக்கும், பாதியில எழுந்து வந்துடலாம்னு நெனச்சுதான் வந்தேன். தாமல் பக்கத்துப் பையன் ஒருத்தன் எழுந்து படிச்சான். அவனும் அவன் விரும்பற பையனும் ஏரிக்கரையில ஒரே சைக்கிள்ல போவாங்களாம். எதிர்ல ஆள் வந்தா மட்டும் இறங்கி, சண்டை போட்டுகினவங்க மாதிரி தள்ளித் தள்ளி நடப்பாங்களாம். அவனுக்கப்புறம் தலை நரைச்ச திருநங்கை அம்மா ஒருத்தவங்க, பஸ்ஸு நெறய ஆள் நின்னுகினு வந்தாலும் தன் பக்கத்து சீட்டு மட்டும் கடைசி ஸ்டாப் வரைக்கும் காலியாவே வருதுன்னு படிச்சாங்க. அவங்க வந்து என் பக்கத்துல உக்காந்தப்போ நான் ஒரு நாற்காலி தள்ளி நகந்து உக்காந்திருந்தேன். அது காலியாவே கெடந்துச்சு. படிச்சுட்டு வந்து அவங்க இடத்துல உக்காந்தாங்க, நான் குனிஞ்சு செருப்பைப் பாத்துகினு இருந்தேன்.

அப்புறம் நீ வந்தே. நீ நின்ன நிலை இருக்குதே, அது என் நிலை. “எங்கப்பா தெனம் புடவை கட்டுவாரு, மீசையோட கட்டுவாரு, ஊரே உக்காந்து பாக்கும்”னு ஆரம்பிச்சே. “உங்க கலருக்கு இது தூக்கிக் குடுக்கும்மா”ன்னு என் குரலை எடுத்து விட்டே பாரு, ஹாலே சிரிச்சுது. நானும் சிரிச்சுட்டேன்! யாரைச் சொல்றேன்னு தெரிஞ்சும் சிரிச்சுட்டேன், அவ்ளோ தத்ரூபமா இருந்துச்சு. அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள நீ குரலை இறக்கி, “அப்பா, நீங்க விக்கறதுக்குப் போட்டீங்க, நான் வெச்சுக்கறதுக்குப் போட்டேன், அவ்ளோதாம்பா”ன்னு சொல்லிட்டுப் பேப்பரை மடிச்சே. நேரா வந்து உன் கையைப் புடிக்கணும்னுதான் எழுந்தேன், இதை மட்டும் நம்பு.

எழுந்தேன், திரும்பினேன், எதிர்ல டீச்சரம்மா. சின்ன காஞ்சிபுரத்துல ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ், அவங்க வீட்டுக் கல்யாணம் அத்தனைக்கும் என் மெத்தைக்குத்தான் வந்து உக்காருவாங்க. எங்க முதலாளிக்கும் வேண்டியவங்க. “அட, நீங்களா! நீங்க எங்கே இங்கே?”ன்னாங்க. என் வாய் என்னைக் கேக்காம பேசிடுச்சு. “தெரிஞ்சவங்க பொண்ணு படிக்குதும்மா. வந்துதான் ஆவணும்னு கூப்ட்டாங்க, அதான்.” சொல்லிட்டு நிமிந்து பாத்தா, அவங்க தோளுக்குப் பின்னாடி நீ. கையில ரெண்டு டீ.

உன் முகம் மாறல. “வணக்கம் சார், வந்ததுக்கு ரொம்ப நன்றி”ன்னு சொல்லி ஒரு டீயை என் கையில குடுத்தே. வாயில வெச்சேன், சர்க்கரை போடாத டீ. எனக்கு சுகர்னு ஞாபகம் வெச்சு வாங்கியிருக்கே. டீச்சரம்மா உன் தலையைத் தடவி, “உங்கப்பா வந்திருந்தா கேட்டு அழுதிருப்பாரும்மா”ன்னாங்க. நீ என்னைத் திரும்பிக்கூடப் பாக்காம, “வரேன்னுதாம்மா சொன்னாரு. சீசன் நேரம், கடையில விட்டிருக்க மாட்டாங்க”ன்னே. நான் அங்கேயே நின்னுகினு, நீ குடுத்த டீயைக் குடிச்சுகினு, நீ எனக்காகப் பொய் சொல்றதைக் கேட்டுகினு இருந்தேன். என் வாயிலருந்து உன்னைப் ‘பொண்ணு’ன்னு வந்தது அன்னைக்குதான் மொத தடவை. அதையும் அடுத்தவன் வீட்டுப் பொண்ணா ஆக்கித்தான் சொன்னேன். த்தூ, நானெல்லாம் ஒரு அப்பன்.

அதோட விட்டியா? வீட்டுக்கு வந்தா உங்கம்மா முகமெல்லாம் பல்லா நிக்கறா. நீ அதுக்குள்ள போன் பண்ணி, ‘அப்பா வந்தாரும்மா, கடைசி வரைக்கும் இருந்தாரு’ன்னு சொல்லியிருக்கே. அவ சந்தோஷத்துல வடை சுட்டு வெச்சிருந்தா. “கொழந்த என்ன படிச்சுது, சொல்லேன்”னு கேட்டுகினே தட்டுல வெச்சுகினே இருந்தா. எது சொன்னாலும் பொய்யாத்தான் வரும்னு வாயில வடையைத் திணிச்சுகினேன்.

வியாழக்கெழமை டீச்சரம்மா பேத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தாங்க. அரக்குல பச்சைக் கரை போட்டது ஒண்ணு புடிச்சுப்போய், “மேல போட்டுக் காட்டுங்க”ன்னாங்க. போட்டுகினு நின்னேன். எப்பவும் வர்ற பேச்சு வரல. அவங்க புடவையைப் பாக்காம என் முகத்தைப் பாத்து, “அந்தத் தேன்மொழியோட அப்பாவும் உங்க லைன்தானாமே. எந்தக் கடை?”ன்னாங்க. “சரியாத் தெரியலம்மா”ன்னேன். “தெரிஞ்சவங்கன்னீங்களே, நம்பராவது இருக்குமில்ல? இப்படி ஒரு புள்ளையைத் தள்ளி வெச்சிருக்காரே, நாலு வார்த்தை கேக்கணும் அந்த மனுஷனை”ன்னு போனைக் கையில எடுத்துட்டாங்க.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? என் நம்பரைச் சொன்னேன். அவங்ககிட்ட எப்பவும் கடை நம்பர்தான் இருக்கும், என்னோடது தெரியாது. ‘நான்தான்’னு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு வரல, நம்பர் வந்துச்சு. அடுத்த நிமிஷம் என் சட்டைப் பாக்கெட்டுல, தோள்ல கெடக்கற பட்டுக்கு அடியிலருந்து, போன் அலறுது. கடையில இருக்கறவங்க அத்தனை பேரும் திரும்பிப் பாக்கறாங்க. முந்தியை விலக்கி எடுத்துக் காதுல வெச்சேன். டீச்சரம்மா எனக்கு ஒரு முழம் எதிர்ல நிக்கறாங்க, அவங்களும் போனைக் காதுலருந்து எடுக்கல.

“தேன்மொழியோட அப்பாங்களா?”

“ஆமாங்கம்மா.”

“அன்னைக்கு நீங்க வரலையாமே. கடையில விடலைன்னா உங்க பொண்ணு.”

“வந்தேம்மா.”

“வந்துட்டு?”

“பயமா இருந்துச்சும்மா.”

“யாரைப் பாத்து?”

“உங்களைப் பாத்துதாம்மா.”

அவங்க கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுகினாங்க. மறுபடி போன்லயே, “உங்க பொண்ணு பேரை உங்க வாயால சொல்லுங்க, நான் கேக்கணும்”னாங்க. சொன்னேன். என்ன வந்துச்சு தெரியுமா? பழைய பேரு. நான் வெச்ச பேரு. அவங்க போனைக் கட் பண்ணிட்டாங்க. பக்கத்து மெத்தையில வியாபாரம் பாக்கற பாய், “இன்னாபா நடக்குது இங்கே? எதுருக்கு எதுரு நின்னுகினு போன்ல பேசறீங்க?”ன்னாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள போன் மறுபடி அடிச்சுது. டீச்சரம்மா விடல. “இப்போ சொல்லுங்க”ன்னாங்க.

“தேன்மொழி. என் பொண்ணும்மா”ன்னேன். மெதுவாச் சொல்லல, கடை பூரா கேக்கறாப்பல கத்திட்டேன், அழுகை வந்தா எனக்குக் குரல் அப்படித்தான் ஆவுது. பாய், “யோவ், உனக்கு ஒரே பையன்தானேய்யா?”ன்னாரு. “அந்தப் புள்ளதான் பாய்”னேன். “சரி, புடவையை எறக்கு, கண்ணீர் பட்டா கறையாயிடும்”னுட்டு, அவரே வந்து என் தோள்லருந்து எடுத்து மடிச்சு வெச்சாரு. முதலாளி காதுக்கு இந்நேரம் போயிருக்கும். இன்னும் கூப்பிடல. கூப்பிடட்டும், பாத்துக்கலாம்.

டீச்சரம்மா கெளம்பறப்ப போனை எல்லாம் உள்ளே வெச்சுட்டு, நேராச் சொன்னாங்க: “எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? அவகிட்டச் சொன்னீங்களா?” அதுக்குதாம்மா இவ்ளோ நீளம் எழுதறேன். கடையில கத்திட்டேன்னு நான் ஒண்ணும் நல்லவனா ஆயிடல. கூட்டத்து நடுவுல வேற வழியில்லாம வந்த வார்த்தை அது. உன்னைத் தனியா எதிர்ல பாத்துச் சொன்னாத்தான் கணக்கு.

உனக்குப் புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. இருந்தாலும் அப்பன் வாய் சும்மா இருக்குமா? நேரத்துக்குச் சாப்டு. உங்கம்மாகிட்ட என்னை நல்லவனாக் காட்டறதை விட்டுடு, அவளுக்கு நடந்தது தெரியணும். இந்தக் கடுதாசியை அவளுக்குப் படிச்சுக் காட்டிட்டுதான் போஸ்ட் பண்ணப்போறேன், எத்தனை நாள் பேசாம இருக்கப்போறாளோ தெரியல. எல்லார்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறவனை லேசுல நம்பிடாதே, உங்கப்பன் அந்த ரகம்தான். அந்தக் கவிதையில ஒரு எழுத்தையும் மாத்தாதே. எனக்கு வலிக்குமேன்னு எதையாவது தேய்ச்சு மழுப்பி எழுதினே, எனக்குக் கெட்ட கோவம் வரும்.

அடுத்த மாசம் மதுரையில படிக்கப்போறியாமே, உங்கம்மா சொன்னா. நான் வர்றேன், லீவு கேட்டுட்டேன். எனக்கு நீ டீ குடுக்க வேணாம், பக்கத்துல வந்து பேச வேணாம், என்னைப் பாத்துச் சிரிக்கக்கூட வேணாம். ஒண்ணே ஒண்ணு. படிச்சு முடிச்சதும் யாராவது உங்கிட்ட வந்து, உங்கப்பா வரலையாம்மான்னு கேப்பாங்க. கடையில வேலைன்னு சொல்லாதே. எனக்காக இனிமே யார்கிட்டயும் எந்தப் பொய்யும் சொல்லாதே. ஆள் இருக்கற பக்கமா கையைக் காட்டு. நான் எழுந்து நிக்கறேன்.